கரண்ட் வைத்தாயிற்று, அப்புறம்?

சென்ற தைப்பூசத்தன்று ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் முருகனைத் தரிசித்துவிட்டுப் படியிறங்கிக் கொண்டிருந்தேன். பழைய நண்பர் ஒருவர் எதிரே ஏறி வந்தார். எப்போதும் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறிப் போகிற அவர் மனைவியைக் காணோம். "மூச்சு வாங்குகிறதாம். வயசாச்சு இல்லையா? கீழேயே உட்கார்ந்துவிட்டாள்" என்றார். பேச்சுவாக்கில், மறுநாள் எனக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை என்று சொன்னேன். நண்பருக்கு ஒரே ஆச்சரியம். "என்ன சார் இது! உங்களுக்குக் கரண்ட் வைத்துக் குணமாகிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே. இன்னும் எதற்கு அங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார்.

படிக்கட்டில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. நம் சங்கத்துக் குடும்பங்களில் இந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. மதுரையில் டிப்ளமோ முடித்து, 1982ல் தில்லிக்கு வந்து, வடக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்தவன். பி.டபிள்யூ.ஐ. என்று அப்போது சொல்வார்கள். 2019ல் ஓய்வு பெற்றேன். ஆகவே இது ஒரு நோயாளியின் அனுபவம். மருத்துவ விஷயங்களைப் பல டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

லைனில் வேலை பார்க்கிறவனுக்குத் தூக்கம் எதிரி. அதை விரட்ட கேங்மேன்கள் கைனி கொடுத்தார்கள். விளையாட்டாக வாங்கிப் போட்டது, இருபத்தைந்து வருஷப் பழக்கமாகிவிட்டது. 2009ல் தொண்டையில், டான்சில் பக்கம், ஆறாத புண். புற்றுநோய் என்றார்கள். தங்கை வீடு சென்னையில் இருந்ததால் அங்கேயே வைத்தியம் பார்க்க முடிவு செய்தோம். வெளியூரில் வாழும் நம்மில் பலர் செய்வதுதான். ஆபத்து என்று வந்தால் மனசு சொந்த பாஷையைத் தேடுகிறது.

7 வாரம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 35 தடவை கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒரு மருந்து ஊசி. முகத்துக்கு வலை போன்ற ஒரு முகமூடி செய்து, தலை அசையாமல் மேஜையோடு பூட்டிவிடுவார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே என்னைப் பல் டாக்டரிடம் அனுப்பி, கெட்டுப்போயிருந்த இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. முடிந்ததும் ஒரு ஃபைலைக் கையில் கொடுத்து, "பத்திரமாக வைத்திருங்கள்" என்றார்கள். அதற்கும் ஏன் என்று கேட்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற சந்தோஷம் எனக்கு.

ஐந்து வருஷம் ஒழுங்காகச் சென்னைக்குப் போய் வந்தேன். நோய் திரும்பவில்லை. பிறகு போவதை நிறுத்திவிட்டேன். 2019ல் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்து மயூர் விஹார் வந்தபோது, முப்பத்தேழு வருஷக் காகிதங்களைக் கிலோக் கணக்கில் கபாடிவாலாவிடம் போட்டேன். அந்த ஃபைலும் அதோடு போயிற்று.

2021 டிசம்பரில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. பக்கத்தில் இருந்த பல் டாக்டரிடம் போனேன். "ஷுகர் உண்டா, பி.பி. உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான். அவர் கேட்காததை நானும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டைக்குக் கரண்ட் வைத்ததற்கும் இன்று ஆடும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? பல்லைப் பிடுங்கினார். ஐந்து நிமிஷ வேலை.

அந்த ஐந்து நிமிஷத்துக்கு எட்டு மாதம் விலை கொடுத்தேன். பல் இருந்த குழி மூடவேயில்லை. பொங்கல் வந்தது, ஹோலி வந்தது; குழிக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. சீழ், வலி, வாய் நாற்றம். நோய் திரும்பிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். என் மனைவி வாய்விட்டு அழவில்லை, ஆனால் சாப்பாடு இறங்காமல் பாதியாகிப் போனாள்.

இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்துவிட்டு, "இது புற்றுநோய் அல்ல. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பு செத்துவிட்டது" என்றார் டாக்டர். அடுத்து அவர் கேட்டதுதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது. "எத்தனை கிரே கொடுத்தார்கள்? எந்தப் பக்கம்? எந்த முறையில்? பேப்பர் எங்கே?"

ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு ரிஜிஸ்தர், ஒவ்வொரு கிலோமீட்டர் ரயிலுக்கும் எத்தனை டன் பாரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு என்று வாழ்நாள் முழுதும் எழுதி வைத்தவன் நான். என் உடம்பின் கணக்கைப் பழைய பேப்பருக்குப் போட்டிருந்தேன்.

கதிர்வீச்சு உள்ளே என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். தமிழ்நாட்டில் கரண்ட் என்கிறோம். இங்கே வார்டில் ‘சிகாயி’ என்கிறார்கள், ஒத்தடம் கொடுப்பது போல. இரண்டும் தவறு. இதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, சூடும் இல்லை. எனக்குக் கொடுத்தது 70 கிரே. அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரு கிலோ தண்ணீரில் சேர்ந்தால்கூட அதன் சூடு ஒரு டிகிரியில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்குதான் உயரும். ஆனால் அந்தக் கொஞ்ச சக்தி, செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுத்துவிடும். புற்றுநோய் செல்லுக்கு அந்த அறுந்த இழையைச் சரியாக முடிச்சுப் போடத் தெரியாது. நல்ல செல் ஓரளவு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதற்கு அவகாசம் கொடுக்கத்தான் ஒரே நாளில் கொடுக்காமல் 30, 35 தவணையாகக் கொடுக்கிறார்கள்.

சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண், தோல் கறுத்தல், களைப்பு எல்லாம் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். இவை உடனடி விளைவுகள். தாமத விளைவுகள் வேறு ரகம். கதிர் பட்ட இடத்தில் மயிர் போன்ற இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லத் தடித்து அடைபடுகின்றன. மெத்தென்ற சதை நார் போல இறுகுகிறது. இதற்கு மாதங்கள் ஆகலாம், பத்து இருபது வருஷமும் ஆகலாம். இரத்தம் குறைந்த எலும்பு, சும்மா இருக்கும்வரை சமாளிக்கும். பல்லைப் பிடுங்கிக் காயப்படுத்தினால், ஆற்றிக்கொள்ள அதனிடம் சரக்கு இல்லை. 1983ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் இதைத்தான் விளக்கினார்: இரத்தக் குழாய் குறைவு, செல் குறைவு, ஆக்ஸிஜன் குறைவு. இந்த நிலை தானாக மாறிவிடுவதில்லை. பல் பிடுங்கும் எல்லோருக்கும் எலும்பு சாவதில்லை. முறையாகச் செய்தால் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். அந்த முறை என்பதே, முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வதுதான்.

எங்கள் துறையில் இதற்கு அச்சு அசலான உதாரணம் உண்டு. ரயிலின் தலைக்குள் மயிரிழை விரிசல் தோன்றும். வெளியே பளபளவென்றிருக்கும், வண்டி ஓடும். தில்லியின் ஜனவரி இரவில் குளிரில் இரும்பு சுருங்கும்போது படீரென்று முறியும். அதனால்தான் முறியும்வரை காத்திராமல் அல்ட்ராசோனிக் கருவியைத் தண்டவாளத்தின் மேல் உருட்டிக்கொண்டே போய்ச் சோதிக்கிறோம். உடனே மாற்றவேண்டிய ரயிலுக்குச் சிவப்புப் பெயிண்டில் மூன்று பெருக்கல் குறி. கண்காணித்தால் போதும் என்பதற்கு ஒன்று. கதிர்வீச்சு பட்டவர்கள் எல்லோரும் ஒற்றைக் குறி போட்ட ரயில்கள். ஓடலாம், நன்றாகவே ஓடலாம். ஆனால் குறியை அழித்துவிடக் கூடாது.

எந்த இடத்தில் கதிர் பட்டதோ அந்த இடத்தைப் பொறுத்தே பின்விளைவு.

வாய், தொண்டை, கழுத்தில் என்றால் உமிழ்நீர் வற்றும். உமிழ்நீர் இல்லாவிட்டால் பல் சீக்கிரம் சொத்தையாகும். ஆகவே ஃப்ளோரைடு பூசுவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பார்ப்பதும் அவசியம். தாடை இறுகி வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வாய் திறக்கும் பயிற்சி வேண்டும். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி சுணங்கிப்போகும். கழுத்துக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது இது வருகிறது. இன்னும் அதிகம் என்பவர்களும் உண்டு. ஆறு மாதம் அல்லது ஒரு வருஷத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். எனக்கு இதுவும் இருந்தது. உடம்பு கனத்ததை ரிட்டயர்மெண்ட் என்றும், குளிர் தாங்காததைத் தில்லி என்றும், சோர்வை வயசு என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். தினம் ஒரு சிறு மாத்திரையில் எல்லாம் சரியாயிற்று. மூளைக்குப் போகும் கழுத்து இரத்தக் குழாயும் நாளடைவில் சுருங்கக்கூடும் என்பதால் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைக்கச் சொல்கிறார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு, முக்கியமாக இடது பக்கம் எடுத்துக்கொண்டவர்களுக்கு, இதயம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை கதிர்வீச்சு பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013ல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். இதயத்தில் படும் சராசரி ஒவ்வொரு கிரேக்கும் மாரடைப்பு போன்ற இதயக் கோளாறுகளின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது, அது 20 வருஷமானாலும் தொடர்கிறது என்று கண்டார்கள். இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்பதே இதன் பொருள். அக்குளில் நெறிகட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்குவதும் உண்டு.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற நம் பெண்கள் அதிகம். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததும் அதிகம். ஒன்றிரண்டு வருஷம் கழித்து மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் செய்துகொள்கிறார்கள். அது கதிர் பட்ட குடலின் வேலையாக இருக்கலாம். பார்க்கும் டாக்டர், குடலில் கை வைக்குமுன் பழைய சிகிச்சையைத் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரில் இரத்தம், இடுப்பெலும்பு பலவீனம், தாம்பத்யத்தில் வலி ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை; இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. புராஸ்டேட்டுக்கு எடுத்துக்கொண்ட ஆண்களுக்கும் குடல், சிறுநீர்ப்பை விஷயத்தில் இதே எச்சரிக்கைதான்.

குழந்தைகள் விஷயம் இன்னும் நுட்பமானது. அவர்களுக்கு முன்னால் அறுபது எழுபது வருஷம் இருக்கிறது. கதிர் பட்ட எலும்பு வளராமல் போகலாம், ஹார்மோன் குறையலாம், கதிர்வீச்சே பல வருஷம் கழித்து வேறொரு புற்றுநோயை உண்டாக்கவும் கூடும். சிறு வயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண் குழந்தைகளுக்கு 25 வயதிலிருந்தோ, சிகிச்சை முடிந்து 8 ஆண்டு கழித்தோ, எது பிந்தியதோ அப்போதிருந்து மார்பகப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்கிறார்கள். குணமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கவென்றே மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991லேயே தனிப் பிரிவு தொடங்கியது. குழந்தைக்கு ஐந்து வயதில் நடந்தது அதற்கு நினைவிருக்காது. பெற்றோர்தான் எழுதி வைத்து, கல்யாண வயதில் கையில் கொடுக்க வேண்டும். வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமே என்று மறைத்து, பெண்ணுக்கே தெரியாமல் செய்துவிடுகிற வீடுகளும் உண்டு. அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் கரண்டே வேண்டாம்" என்று யாராவது முடிவு செய்தால் நான் பேனாவைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். 2009ல் அந்த இயந்திரம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை. நான் என் பேரனைப் பார்த்திருக்கவும் மாட்டேன். உலகத்தில் முதன்முதலாகக் கோபால்ட் இயந்திரத்தால் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தது 1951ல், கனடாவில். அதே பத்தாண்டுக்குள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கோபால்ட் வந்துவிட்டது. நம் ஊர்க்காரர்கள் பட்ட பாட்டில் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

இயந்திரங்களும் முன்னேறிவிட்டன. இப்போது கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரைச் செதுக்கிக் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் 2011ல் வெளியான ஒரு சோதனையில், பழைய முறையில் ஒரு வருஷம் கழித்து 74 சதவீதம் பேருக்கு வாய் வறட்சி தொல்லை கொடுத்தது. புதிய முறையில் 38 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் பழைய முறையில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்கள் நம்மிடையே இன்னும் வாழ்கிறார்களே, அவர்கள் கணக்கு பழைய கணக்குத்தான்.

ஒரு தப்பெண்ணத்தையும் போக்கிவிடுகிறேன். வெளியிலிருந்து இயந்திரத்தால் கதிர்வீச்சு பெற்றவர் உடம்பிலிருந்து கதிர் எதுவும் வெளிவராது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் தங்குவதில்லை அல்லவா? பேரக் குழந்தைகளைத் தூரத்தில் வைக்க வேண்டியதில்லை. தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டியதும் இல்லை.

தில்லிக்காரர்களுக்கு இந்த இடத்தில் மாயாபுரி ஞாபகம் வரலாம். தில்லிப் பல்கலைக்கழகம் 1960களின் இறுதியில் வாங்கிய ஒரு காமா கதிர் இயந்திரம் 1985க்குப் பிறகு உபயோகமில்லாமல் கிடந்தது. உள்ளே கோபால்ட் இருக்கிறது என்பதே மறந்துபோய், 2010 பிப்ரவரியில் அதைப் பழைய இரும்போடு ஏலம் விட்டார்கள். மாயாபுரி காயலான் கடையில் அதை உடைத்தார்கள். பலர் உடம்பு வெந்தது. ஏப்ரலில் ஒருவர் இறந்தார். கோபால்ட் 5 வருஷம் 3 மாதத்துக்கு ஒருமுறை பாதியாகும். 40 வருஷத்தில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சமும் உயிரைக் குடித்தது. அங்கே மிஞ்சியது கதிர், நம்மிடம் மிஞ்சுவது தழும்பு. இரண்டும் வேறுதான். ஆனால் பாடம் ஒன்றுதான்: பழைய காகிதத்தை நாம் மறந்தாலும், அதில் எழுதியிருந்த சங்கதி நம்மை மறப்பதில்லை.

என் கதைக்கு வருகிறேன். ஃபைல் போனது போனதுதான். ஒருநாள் சாயங்காலம் என் மனைவி பூஜை அலமாரியிலிருந்து 2009ஆம் வருஷத்துப் பழைய பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தாள். உள்ளே, ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன மஞ்சள் அட்டை. அதில் என் பதிவு எண். "உங்களை நம்பி எதை வைக்கிறது என்றுதான் அங்கே சொருகி வைத்தேன்" என்றாள். சென்னையில் மாப்பிள்ளை அந்த எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்க, பழைய ரெக்கார்டு கிடைத்தது. எந்தப் பக்கம் எத்தனை கிரே பட்டது என்பது தெரிந்த பிறகுதான், எலும்பில் எதுவரை எடுப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். 2022 ஆகஸ்டில் புண் மூடியது. மென்று சாப்பிடுவது இப்போது ஒரு பக்கம்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது, எத்தனை வருஷத்துக்கு முன்னாலானாலும், கதிர்வீச்சு கொடுத்திருந்தால் ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். நோயின் பெயர், வருஷம், ஆஸ்பத்திரி, பதிவு எண், உடம்பில் எந்த இடம் எந்தப் பக்கம், மொத்தம் எத்தனை கிரே எத்தனை தவணை, கூடக் கொடுத்த மருந்துகளின் பெயர். நான்கு பிரதி எடுங்கள். ஒன்று பர்ஸில், ஒன்று வீட்டில், ஒன்று பிள்ளையிடம், ஒன்று பெண்ணிடம். பல் டாக்டரானாலும் கண் டாக்டரானாலும் அவர் கேட்கும்வரை காத்திராமல் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தாள் இல்லையென்றால் பழைய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேளுங்கள். ஊருக்குப் போய்த்தான் பரிசோதிக்க வேண்டுமானால், ஆஸ்பத்திரிச் சான்றிதழ் காட்டினால் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் உண்டு. 2020ல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் இதை நிறுத்தவில்லை. சிகிச்சைக்கு மட்டுமல்ல, பரிசோதனைக்குப் போகும்போதும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

படிக்கட்டில் கேள்வி கேட்ட நண்பருக்கு இந்தக் கட்டுரையின் முதல் படியைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. "சார், என் வீட்டுக்காரிக்கு 2011ல் மார்பில் கரண்ட் வைத்தார்களே, உங்களுக்குத் தெரியுமே. ஃபைலைத் தேடி எடுத்துவிட்டேன். இடது பக்கம் என்று போட்டிருக்கிறது. அந்த மூச்சு வாங்குவது..." என்று நிறுத்தினார். வயசாகவே இருக்கலாம், ஆனால் அதை நீங்களும் நானும் தீர்மானிக்க வேண்டாம் என்றேன். வரும் செவ்வாய்க்கிழமை இதய டாக்டரிடம் போகிறார்கள். ஃபைலை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.